பூச்சிக்கு வாங்கிய மருந்து

தேயிலைச் சிற்றுயிர்ப் போஷாக்கு ஆராய்ச்சி உயர் மன்றம் என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் மலையகத்து டயகமப் பக்கத்தில் எவரும் இல்லை. தோட்டத்துச் சனங்கள் அதைப் 'பேன் ஆபீசு' என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் நான் அந்தப் பேன் ஆபீசில் தட்டெழுத்தாளனாக இருந்தேன். தட்டெழுத்தாளனுக்குக் கருத்து இருக்கக் கூடாது என்று நியமனக் கடிதத்திலேயே போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டேன். கருத்து இருக்கிறது.

முதலில் பேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செடிப்பேன் என்பது தேயிலைக் கொழுந்தின் அடியில் மிளகு தூவியது போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் ஒரு கறுப்புப் பூச்சி. அதைக் கவனிக்கத் தோட்டத்தில் ஏற்கெனவே ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைக் கண்டதும் கட்டைவிரலால் நசுக்கிவிடுவார்கள். அது விஞ்ஞானம் அல்ல. ஆகவே கொழும்பிலிருந்து பணிப்பாளர் டொக்டர் அருளம்பலம் அவர்கள், தலைமைக் கிளாக்கர் துரைரத்தினம் அவர்கள், பதினேழு மேசைகள், இரண்டு பூதக்கண்ணாடிகள் எல்லாம் வந்து இறங்கின. பூச்சியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்ற எண்ணம் கடைசியாகத்தான் வந்தது. கவ்வாத்து மலையில் செடி வெட்டிக்கொண்டிருந்த பழனியாண்டியைத் தோட்டத்துரை அனுப்பி வைத்தார்.

முதல் நாளே பணிப்பாளர் பழனியாண்டியை நிற்க வைத்து விளக்கம் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், விளக்கம் கொடுக்காமல் ஒரு கதவைக்கூடத் திறக்க மாட்டார்.

"நல்லாக் கேளும் பழனியாண்டி. இந்தப் பூச்சி குடிக்கிறது வெறுஞ் சாறு. அதிலை சீனியைத் தவிர மண்ணாங்கட்டியும் இல்லை. அதைக் குடிச்சு ஒரு உயிர் வளரேலாது. ஆனா இது வளருது, குட்டியும் போடுது. எப்பிடி? இதின்ரை வயித்துக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்குது. சாறிலை இல்லாத சத்தை அதுகள் சமைச்சுக் குடுக்குது. பூச்சி கிருமிக்கு வீடு குடுக்குது, கிருமி பூச்சிக்குச் சாப்பாடு குடுக்குது. தாயின்ரை வயித்திலையிருந்து பிள்ளையின்ரை வயித்துக்கு அப்பிடியே போகும். விளங்குதே?"

பழனியாண்டி தலையைச் சொறிந்தான். "எங்க வீட்லயும் ரொட்டியும் வெறுந் தேத்தண்ணியுந்தாங்கய்யா. அப்ப எங்க வயித்துலயும் அது குடியிருக்குங்களா?"

"நல்ல கேள்வி!" என்று பணிப்பாளர் உடனே குறித்துக்கொண்டார். மறுவாரம் நான் ஒரு குறிப்பு அடித்தேன். 'தோட்டத் தொழிலாளருக்கு மேலதிக போஷாக்கு அவசியந்தானா என்பது ஆராயப்பட வேண்டியது. ஆராய்ந்து முடியும் வரை கொடுக்காதிருப்பதே விஞ்ஞான முறை.' மூன்று பிரதிகள்.

மன்றத்தின் பரிசோதனை இதுதான். வெட்டிய தேயிலைக் கொப்புகளைத் தண்ணீர்ப் போத்தல்களில் நட்டு, அவற்றில் பேனை விட வேண்டும். பாதிப் போத்தல்களில் வெறுந் தண்ணீர். மீதிப் பாதியில் ஒரு புது மருந்து, மஞ்சள் நிறம், கிருமியைக் கொல்வது. கொப்பு மருந்தைக் குடிக்கும். பேன் கொப்பின் சாற்றைக் குடிக்கும். பேனின் வயிற்றில் இருக்கும் கிருமி சாகும். அப்புறம் சாறு எவ்வளவு குடித்தாலும் உடம்பில் ஒட்டாது. பேன் சூம்பும், குட்டி போடாது. வெளிநாட்டில் இதையெல்லாம் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டுப் பூச்சியும் அப்படித்தான் சூம்புமா என்று பார்ப்பதற்காக ஓர் அலமாரி நிறைய அந்த மருந்தைக் கப்பலில் வரவழைத்திருந்தார்கள்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டைப் பணிப்பாளர் ஒரு நாள் பார்த்தார். ஆகா, என்ன ஒழுங்கு என்று சொக்கிப் போனார். அடுத்த நாளிலிருந்து பேனுக்கும் பெரட்டு. காலை ஆறு மணிக்குப் பழனியாண்டி கோழி இறகின் நுனியால் ஒவ்வொரு பேனையும் தொட்டு நம்பரைச் சொல்ல வேண்டும். கால் அசைத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கணக்கு. சும்மா கிடந்தால், கொழுந்து குறைந்த பெண்களுக்குப் போடுவது போல, அரைப்பேர். குட்டி போட்ட பேனுக்குப் பதினான்கு நாள் ஓய்வு, அந்த நாட்களில் அதைத் தொடக் கூடாது என்று ஒரு விதியும் வந்தது. பேன் தினம் நாலு குட்டி போடுகிற சாதி. ஒரே வாரத்தில் மன்றத்துப் பேன்கள் அத்தனையும் பிரசவ லீவில் போய்விட்டன. ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் பணிப்பாளரும் கிளாக்கரும் மட்டும் வந்து நின்றார்கள்.

"எம் பொஞ்சாதி புள்ளையப் பெத்துட்டு முப்பதாம் நாளு மலைக்கிப் போனாங்கய்யா" என்றான் பழனியாண்டி என்னிடம். அவன் குறையாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவல் போலத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்தப் பிள்ளைதான் சண்முகவடிவு. இரண்டரை வயது. ஆடி மாதம் மழை பிடித்த நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது. தாய் நாகலெட்சுமி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுத் தோட்டத்து மருந்துக்காரர் சவரிமுத்துவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சவரிமுத்து நல்ல மனிதர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மருந்து, வெள்ளைத் தண்ணி. தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான்.

"நெஞ்சுல சளி கட்டிருச்சும்மா. இது வெள்ளத் தண்ணிக்கு அடங்காது. புது மருந்து ஒண்ணு இருக்கு, மஞ்சளா. பத்து நாளு விடாம குடுக்கணும், குடுத்தா புள்ள பொழச்சிக்கும். மூணு தடவ எழுதிப் போட்டேன், தொரை குடுக்கல. ஒம் புருசன் வேல செய்யிற எடத்துல ஒரு அலமாரி நெறைய இருக்கு. போயி காலப் புடிக்கச் சொல்லு."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். அதற்குத் தோட்டத்து லொறி வேண்டும். லொறிக்கு மருந்துக்காரரின் பதிவேட்டில் நோயாளியின் பெயர் வேண்டும். தோட்டத்தில் மருந்தில்லாத நோயைப் பதிந்தால் தோட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று துரையின் உத்தரவு. ஆகவே வடிவின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. நடந்து போனால் பஸ்ஸுக்கு நாலு மைல், கொட்டுகிற மழை. போன மாதம் அப்படித் தூக்கிக்கொண்டு போன ஒரு பிள்ளை பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

பழனியாண்டி தலைமைக் கிளாக்கரிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மருந்து வேணுமா? எத்தினையாம் நம்பர்ப் பூச்சிக்கு?" என்றார் துரைரத்தினம், தலையைத் தூக்காமல்.

"பூச்சிக்கு இல்லீங்க. எம் புள்ளைக்கு."

"பிள்ளைக்கு நம்பர் இருக்கே?"

"இல்லீங்க. பேருதான் இருக்கு."

பெயருக்கெல்லாம் ஃபாரம் கிடையாது என்று அவனைப் பணிப்பாளரிடம் அனுப்பினார். பணிப்பாளர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே கண் கலங்கியது அவருக்கு.

"எனக்கு மனமில்லை எண்டு நினையாதையும் பழனியாண்டி. நானும் பிள்ளை குட்டிக்காரன். ஆனா இந்த மருந்தை நாங்கள் வாங்கினது நோய் வரப்பண்ணுறதுக்கு. நோய் வரப்பண்ண வாங்கின மருந்தாலை நோயை மாத்தினா அது மன்றத்தின்ரை நோக்கத்துக்கு நேர் எதிரெல்லே? நாளைக்கு ஒருத்தர் வந்து, ஏன் ஐயா ஒரு உயிரைச் சுகப்படுத்தினீர் எண்டு கேட்டா நான் என்ன பதில் சொல்லுறது?"

"புள்ள செத்துரும்யா."

"அதுக்கு என்னை ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்" என்றார் பணிப்பாளர் ஆறுதலாக.

அதையும் நான்தான் அடித்தேன். 'கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, அனுதாபத்துடன் மறுக்கப்பட்டது.' அதற்கும் மூன்று பிரதிகள்.

மறுநாள் காலைப் பெரட்டு முடிந்ததும் பழனியாண்டி வழக்கம்போல மருந்தை அளந்தான். கொப்புப் போத்தல்களில் ஊற்றவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து அதற்குள் ஊற்றி மூடினான். இன்னொரு போத்தலில் வீட்டிலிருந்து ஆறிப்போன வெறுந் தேத்தண்ணீரை நன்றாக நீர்க்கக் கலந்து கொண்டு வந்திருந்தான். அதே மஞ்சள். அதைக் கொப்புகளுக்கு ஊற்றினான். நிமிர்ந்து பார்த்தபோது நான் வாசலில் நின்றேன். அவன் முகம் செத்துப் போய்விட்டது.

"கிளாக்கரய்யா…"

"எனக்குக் கருத்து கிடையாது" என்று சொல்லிவிட்டு வந்து மெஷின் முன் உட்கார்ந்தேன். அந்த விதியால் ஒருவருக்கு உபயோகம் ஏற்பட்டது அன்றைக்குத்தான்.

நாலாம் நாள் வடிவுக்குக் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து சீனி கேட்டாளாம். பழனியாண்டி என்னிடம் சொல்லும்போது சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை.

பேனுக்கும் நல்ல சுகம். தேத்தண்ணீர் குடித்த கொப்பில் அவை கொழுத்துப் பளபளவென்று இருந்தன. வெறுந் தண்ணீர்ப் பேனை விட அதிகமாகவே குட்டி போட்டன. பணிப்பாளர் பூதக்கண்ணாடியை நாலு தடவை துடைத்துப் பார்த்தார். அப்புறம் கத்தினார். துரைரத்தினம் ஓடினார். பிற்பகல் மன்றத்தில் எல்லாருக்கும் பாற்சோறு.

"வெளிநாட்டுப் பூச்சி இந்த மருந்தைக் குடிச்சுச் சூம்பிப் போச்சு!" என்று பணிப்பாளர் கதிரையில் ஏறி நின்று முழங்கினார். "எங்கடை பூச்சி? கொழுக்குது! இதின்ரை வயித்துக் கிருமியை அசைக்க உலகத்திலை மருந்து இல்லை. சுதந்திரம் கிடைச்சுப் பதினைஞ்சு வருசத்திலை இந்த நாடு செய்த பெரிய சாதனை இதுதான் எண்டு நான் துணிஞ்சு சொல்லுவன்."

"பூச்சிக்கு ஒரு ஓ!" என்றார் துரைரத்தினம். போட்டோம்.

அன்று மாலையே அறிக்கை அடித்தேன். முடிவுரை: 'குறித்த மருந்து நுண்கிருமிகளுக்கு எதிராக முற்றிலும் பயனற்றது.' அறிக்கை அச்சுக்குப் போனது. அலமாரிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். எல்லாத் தோட்டங்களுக்கும் பிரதி போனது. சவரிமுத்து நாலாம் தடவையாக எழுதிப் போட்ட கோரிக்கை, அதே பிரதி ஊசியால் குத்தப்பட்டு, துரையிடமிருந்து திரும்பி வந்தது. விஞ்ஞானம் வேண்டாம் என்று சொன்ன மருந்தைக் கூலிக்குக் கொடுக்கச் சொல்கிறாயா என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

பத்து நாள் கொடுக்க வேண்டிய மருந்து நாலு நாளோடு நின்றது. ஏழாம் நாள் வடிவுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. முன்னதை விட மோசம். கூப்பிட்டால் பிள்ளை கண் திறக்கவில்லை.

பழனியாண்டி நேரே பணிப்பாளரின் அறைக்குப் போய்க் காலில் விழுந்தான். "அய்யா, நான் திருடுனேன். மருந்த பூச்சிக்கு ஊத்தல. எம் புள்ளைக்குக் குடுத்தேன். அந்த மருந்து வேல செய்யுதுங்க. பூச்சி குடிச்சது தேத்தண்ணிதாங்க. என்னய போலீசுல வேணாலும் புடிச்சிக் குடுங்க, அலமாரிய மட்டும் தொறந்து விடுங்க!"

துரைரத்தினம் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் கொழுத்த பேனைப் பார்த்தார். பிறகு உடனடியாக ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பணிப்பாளர், உறுப்பினர் துரைரத்தினம், குறிப்பெடுக்க நான்.

சவரிமுத்துவின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

"சண்முகவடிவு எண்டு ஒரு நோயாளியே இதிலை இல்லை" என்றார் துரைரத்தினம்.

"ஆகவே பிள்ளைக்கு நோய் வருத்தமில்லை" என்றார் பணிப்பாளர். "வருத்தமில்லாத பிள்ளைக்கு மருந்து குடுக்க ஒருத்தன் களவெடுப்பானே? எடுக்க மாட்டான். ஆகவே நீர் எடுக்கேல்லை. பயப்படாதையும் பழனியாண்டி, உம்மிலை ஒரு குற்றமும் இல்லை."

"காச்சலா கெடக்குய்யா! நெருப்பா கொதிக்குது! ஒரு எட்டு வந்து தொட்டுப் பாருங்கய்யா!"

"தொட்டுப் பாக்கிறது எங்கடை பிரிவு இல்லை. நாங்கள் பூச்சி."

பழனியாண்டி எழுந்து நின்றான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அப்ப இந்தா இருக்கு பூச்சி. இப்ப நெச மருந்த ஊத்துங்க. சூம்புதா கொழுக்குதான்னு ஒங்க கண்ணாலயே பாருங்க!"

பணிப்பாளர் பூதக்கண்ணாடியை மேசைக்குள் வைத்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அறிக்கை அச்சுக்குப் போயிட்டுது."

அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். விசாரணை முடிவில் பழனியாண்டிக்கு நேர்மையானவன் என்று ஒரு நற்சான்றிதழ் கொடுக்கப்பட்டது. அடித்தவன் நான்.

மறுநாள் அந்தச் சாதனைக்கு விழா. கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். கொட்டகை நடுவில் ஒரு பக்கம் கொழுத்த பேன், கண்ணாடிப் பெட்டிக்குள், மாலை போட்டு. மற்றப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேசையில் அலமாரி மருந்து ஆறு போத்தல், 'தோல்வியுற்ற மருந்து' என்று அட்டை வைத்து. பணிப்பாளர் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு செடிப்பேனின் வயிற்றுக்குள் எப்படி ஒற்றுமையும் கூட்டுறவும் நிலவுகின்றன, ஒருவர் வாழ மற்றவர் எப்படி உதவுகிறார், மனிதர்கள் அதிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

அப்போது நாகலெட்சுமி கொட்டகைக்குள் வந்தாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. மேசைக்குப் போனாள். அட்டையைத் தள்ளிவிட்டு ஒரு போத்தலை எடுத்துப் பல்லால் கடித்துத் திறந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கரண்டியை எடுத்து அளந்து, பிள்ளையின் தாடையை அமுக்கி வாயில் ஊற்றினாள்.

துரைரத்தினம் பாய்ந்தார். ஆனால் பணிப்பாளர் அவரை விடப் புத்திசாலி. பெரிய மனிதர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டார்.

"பாருங்கோ!" என்று கையை நீட்டினார். "எங்கடை ஊழியரின்ரை குடும்பமே முன்வந்து செய்து காட்டுது! ஒரு பேனுக்கு ஒண்டும் செய்யேலாத மருந்து பச்சைப் பிள்ளைக்கும் ஒண்டும் செய்யாது!"

கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்றே தட்டினார்.

நாகலெட்சுமி அப்போதுதான் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள்.

"தட்டாதீங்க" என்றாள். "புள்ள இப்பத்தான் முழுங்குது. பொரையேறிரும்."

கை தட்டல் நின்றது. அவள் படங்கை அவிழ்த்து விரித்து, ஆறு போத்தலையும் அதில் வைத்து முடிச்சுப் போட்டு, ஒரு கையில் மூட்டையும் ஒரு கையில் பிள்ளையுமாக வெளியே நடந்தாள். வாசலில் வாச்சர் மறித்துப் பாஸ் எங்கே என்றான். பின்னால் ஓடி வந்த துரைரத்தினம் பாஸ் புத்தகத்தைத் திறந்தார். பொருளின் பயன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தார். மருந்து என்று எழுதினால் அறிக்கை பொய். பயனற்றது என்று எழுதினால் மறிக்கக் காரணம் இல்லை. பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற நேரத்துக்குள் அவள் வளைவு தாண்டித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கிவிட்டாள். பழனியாண்டியும் கோழி இறகைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் போய்விட்டான்.

விழா முடிந்து பதினோராம் நாள் துரைரத்தினம் என்னை லயத்துக்கு அனுப்பினார். ஆறு போத்தலும் என்ன ஆயிற்று என்று அறிந்து, பதிவேட்டில் ஏற்றக் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். பழனியாண்டி கைநாட்டு வைத்தான். துரைரத்தினம் முன்கூட்டியே நிரப்பி அனுப்பியிருந்த ஃபாரத்தில் 'பயனின்றி அழிக்கப்பட்டது' என்று இருந்தது.

காம்பிரா என்கிற அந்த ஒற்றை அறை வீட்டு வாசலில் சண்முகவடிவு காலை உதைத்துக்கொண்டு, ஊரே கூடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். பயந்துபோய் என்னம்மா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கய்யா" என்றாள் நாகலெட்சுமி, அடுப்படியிலிருந்து. "ரெண்டு ரொட்டி தின்னுட்டா. இன்னொண்ணு வேணுமாம்."